கௌபாய், கேமரா, ஆண்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மேற்கின் கௌபாய்களைப் படமெடுத்தவர்களைப் பற்றிப் பேச எழுந்தால், ஏறக்குறைய இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சில ஆர்வத்தில் வருபவை, சில "இதையெல்லாமா ஆராய்வார்கள்?" என்ற எரிச்சலில் வருபவை. இரண்டு வகைக்கும் இங்கே பதில் உண்டு. சில பதில்கள் நீண்டுவிட்டன. நல்ல படத்தின் முன்னால் நிற்காமல் கடந்துபோகும் பழக்கம் எனக்கு இல்லை.

கௌபாய் என்றால் துப்பாக்கி வீரன்தானே?

மாடு மேய்ப்பவன். "படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்" என்று நம் பள்ளிக்கூடங்களில் வைதார்களே, அதே வேலைதான். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரையும் லக்கி லூக்கையும் படித்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு, வசவாகக் கேட்ட தொழிலும் வாய்பிளந்து பார்த்த தொழிலும் ஒன்றுதான் என்பது உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்சாஸில் மாடுகள் விலைபோகாமல் திரிந்துகொண்டிருந்தன. வடக்கே அவற்றுக்கு நல்ல விலை இருந்தது. கேன்சஸ் மாநிலத்தின் அபிலீன் போன்ற ரயிலடிகள்வரை மந்தையை ஓட்டிச் செல்ல ஆள் வேண்டியிருந்தது. மாதக் கூலி 30, 40 டாலர். வந்தவர்கள் பெரும்பாலும் மீசை அரும்பியதிலிருந்து இருபதுகளின் பாதிவரையிலான பையன்கள். வேலை கற்றுக்கொண்டது மெக்சிகோவின் மாடு மேய்ப்பவர்களிடமிருந்து. ரோடியோ (குதிரை, எருது சவாரிப் போட்டி), லாஸ்ஸோ (சுருக்குக் கயிறு), ராஞ்ச் (மாட்டுப் பண்ணை) எல்லாமே ஸ்பானிஷ் மொழியிலிருந்து வந்த சொற்கள்தாம். 1874இல் முள்கம்பிக்கு ஜோசப் கிளிட்டன் காப்புரிமை வாங்கினார், திறந்தவெளி வேலிக்குள் போயிற்று. 1886–87 குளிர்காலத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்தப் பெரிய மாட்டோட்டத்தின் காலம் மொத்தமே 20 ஆண்டுகளுக்குச் சற்று கூடுதல்.

அங்கும் அந்தச் சொல் முதலில் மதிப்பானதாக இல்லை. 1881 டிசம்பரில் குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில், அரிசோனாவில் அட்டூழியம் செய்யும் ஆயுதக் கும்பலின் பெயராகவே 'கௌபாய்' வருகிறது.

அப்படியானால் அந்த வீரத் திருமேனி எங்கே வார்க்கப்பட்டது?

ஒரு பங்கு நியூயார்க்கில், ஒரு ஸ்டுடியோவில்.

பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியடோர் ரூஸ்வெல்ட் இளம் சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது, அவருடைய கீச்சுக்குரலையும் மிடுக்கான உடையையும் பத்திரிகைகள் கிண்டலடித்தன. 1884 பிப்ரவரி 14 அன்று, ஒரே நாளில், ஒரே வீட்டில், அவருடைய மனைவியும் தாயும் இறந்துபோனார்கள். 'என் வாழ்வின் ஒளி போய்விட்டது' என்று நாட்குறிப்பில் எழுதிய 25 வயதுக்காரர் டகோட்டாவின் பொட்டல் காட்டுக்குப் போய் மாட்டுப் பண்ணை நடத்தினார். 1885இல் நியூயார்க் ஸ்டுடியோ ஒன்றில் மான்தோல் உடையும் துப்பாக்கியுமாக நின்று படமெடுத்துக்கொண்டார். இடுப்பில் இருந்த கத்தி டிஃபனி நகைக்கடையில் செய்தது.

அந்தப் படத்தில் மனைவியை இழந்தவரைத் தேடிப் பாருங்கள், கிடைக்கமாட்டார். துக்கம் தாளாமல் ஊரைவிட்டுப் போனவர், பகையைத் தேடிப் புறப்பட்டவராக நிற்கிறார். இந்தப் பக்கத்தில் இனிமேல் வரும் பதில்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு படத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து பிலடெல்பியா மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல் நரம்புத் தளர்ச்சி வந்த பெண்களைப் படுக்கையில் கிடக்கச் சொன்னார். ஆண்களை மேற்கே போய்க் குதிரையேறச் சொன்னார். கௌபாய் நாவல்களுக்கு முன்னோடியான ஓவன் விஸ்டர் அவர் பேச்சைக் கேட்டு 1885இல் வயோமிங் போனவர். ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் ஆசிரியர் வேலை பறிபோன மறு ஆண்டு, 1887இல், டகோட்டாவின் ஒரு பண்ணையில் சில வாரங்கள் தங்கிக் கௌபாய்களைப் படமெடுத்தார். மனம் நொந்துபோன நகரத்து ஆண்களுக்கு மருந்தாகத்தான் கௌபாய் அறிமுகமானான். மருந்து எப்படி மாடு மேய்த்தது, எங்கே தூங்கியது என்று நோயாளி விசாரிப்பதில்லை.

மார்ல்போரோ சிகரெட் விளம்பரத்தில் வந்தவர் நிஜ கௌபாயா?

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

1949 ஆகஸ்ட் 22 தேதியிட்ட லைஃப் இதழின் அட்டையில் ஒரு முகம் வந்தது. டெக்சாஸின் ஜேஏ பண்ணையில் மேஸ்திரியாக இருந்த சி. எச். லாங். படமெடுத்தவர் லெனார்ட் மெக்கோம். தொப்பி, காற்றும் வெயிலும் பதம்பார்த்த தோல், எங்கோ பார்க்கும் கண். அவர் நிஜமாகவே வேலை பார்த்தவர். படமும் வேலையிடத்தில் எடுத்த படம். விளம்பரக்காரர் லியோ பர்னெட்டின் நினைவில் அது தங்கிவிட்டது.

மார்ல்போரோ 1924இல் பெண்களுக்கான சிகரெட்டாகச் சந்தைக்கு வந்தது. 'மே மாதம் போல மென்மையானது' என்பது அதன் விளம்பர வாசகம். 1950களின் தொடக்கத்தில் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு செய்தியாகத் தொடங்கியது. புகைப்பவர்கள் ஃபில்டர் சிகரெட் பக்கம் பார்த்தார்கள், ஆனால் ஃபில்டர் பெண்கள் சமாச்சாரம் என்ற கூச்சம் ஆண்களுக்கு. அந்தக் கூச்சத்தைத் துடைப்பதற்குத்தான் 1954இல் பர்னெட்டின் சிகாகோ நிறுவனம் கௌபாயைக் கொண்டுவந்தது. அதாவது, சாவுக்குப் பயந்து ஃபில்டருக்கு மாறியவனின் கையில், எதற்கும் பயப்படாதவனின் படத்தைக் கொடுத்தார்கள். இவ்வளவு சாமர்த்தியமான வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதலில் நடித்தவர்கள் மாடல்கள். பிறகு அசலைத் தேடிப் போனார்கள். வயோமிங்கில் பண்ணை வேலை பார்த்துக்கொண்டிருந்த டாரல் வின்ஃபீல்ட் 1968 தொடங்கி இருபது ஆண்டுகளாவது அந்த முகமாக இருந்தார். விளம்பரங்களில் தோன்றியவர்களில் சிலர் புகையால் வந்த நோயிலேயே இறந்தார்கள். அவர்களில் வேன் மெக்லாரன் நுரையீரல் புற்றுநோய் வந்தபின் புகைக்கு எதிராகப் பிரசாரம் செய்துவிட்டு 1992இல் 51 வயதில் காலமானார். (நம் லக்கி லூக் பிழைத்துக்கொண்டார். 1983இல் ஓவியர் மோரிஸ் அவர் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டுப் புல்லைச் செருகினார். அதற்காக உலக சுகாதார நிறுவனம் மோரிஸைப் பாராட்டியது.)

இதே 1954இல் இன்னொரு படமும் எடுக்கப்பட்டது. நியூயார்க்கில் ரோடியோ நடந்த சமயம், தெருவோரக் குப்பைத்தொட்டி மேல் சாய்ந்து, தலைகுனிந்து சிகரெட் சுற்றிக்கொண்டிருக்கும் ஒல்லியான கௌபாயை ராபர்ட் ஃபிராங்க் எடுத்தார். பின்னணியில் மலையும் இல்லை, குதிரையும் இல்லை, கார்கள் நிற்கின்றன. இரண்டு படங்களும் ஒரே ஆண்டில் பிறந்தவை. உலகம் எதை வாங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த விளம்பரத்தையே ஒருவர் மறுபடி படமெடுத்து விற்றாராமே?

ரிச்சர்ட் பிரின்ஸ். டைம்-லைஃப் நிறுவனத்தில் பத்திரிகைப் பக்கங்களைக் கத்தரிக்கும் வேலையில் இருந்தார். கட்டுரைகள் போனபின் கையில் மிஞ்சியவை விளம்பரங்கள். 1980 முதல் மார்ல்போரோ பக்கங்களில் எழுத்துகளை விலக்கிவிட்டு, படத்தை மட்டும் கேமராவில் எடுத்துப் பெரிதாக்கினார். 2005இல் அவற்றில் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 12 லட்சம் டாலரைத் தாண்டியது. மூலப்படத்தை எடுத்தவர்களுக்கு அதில் பங்கு இல்லை. அவர்களுடைய கோபம் நியாயமானது என்பது என் கட்சி. ஆனால் எழுத்தை எடுத்ததும் அந்த ஆண் எவ்வளவு தனியாகத் தெரிகிறான் என்பதை முதலில் காட்டியது பிரின்ஸ்தான்.

பழைய படங்களில் எல்லோரும் முறைத்துக்கொண்டுதானே நிற்கிறார்கள்?

ஸ்டுடியோவில் எடுத்தவற்றில், ஆம். பையன் கூலி வாங்கியதும் துப்பாக்கியை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவான். முகாமில் எடுத்தவை வேறு சாதி.

எர்வின் ஸ்மித் (1886–1947) டெக்சாஸ்காரர். சிற்பம் படித்தவர், கோடையில் பண்ணைகளில் வேலையும் பார்த்தார், படமும் எடுத்தார். கௌபாய் பற்றிய பொய்களைத் திருத்த வேண்டும் என்பது அவர் நோக்கம், ஆனால் அவரே சில காட்சிகளை நடிக்கவைத்தும் எடுத்தார் என்பதை மறைக்க வேண்டாம். அவர் படங்களில் சவரம் செய்துகொள்கிறார்கள், சீட்டாடுகிறார்கள், சமையல் வண்டியைச் சுற்றிச் சம்மணமிட்டுத் தட்டில் தலைகவிழ்ந்து சாப்பிடுகிறார்கள். மாதக்கணக்கில் பெண்களே இல்லாத வாழ்க்கை. சமைத்தது ஆண், கிழிந்ததைத் தைத்தது ஆண், காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊற்றியதும் ஆண். நடனத்துக்குப் பெண்கள் போதாத இடத்தில், கையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டவன் பெண்ணாக ஆடுவான். அதற்குக் 'கிடாரிக்குறி போட்டவன்' என்ற பொருளில் ஒரு பெயர்கூட இருந்தது. ஒருவரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. 'பாரம்பரிய ஆண்மை' என்று இன்று சண்டைபோடுபவர்கள் எந்தப் பாரம்பரியத்தைச் சொல்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்க ஆசை.

ஒரு பெண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்திலிருந்து மோன்டானாவுக்குக் குடிபெயர்ந்த எவிலின் கேமரன், 1894 முதல் பண்ணை வாழ்க்கையைக் கண்ணாடித் தகடுகளில் பதிந்தார். அவரே மாடு பார்த்தார், பால் கறந்தார், இரண்டு பக்கமும் கால்போட்டுக் குதிரையேறினார், ஊர் அதிர்ந்தது. அவர் 1928இல் இறந்தபின் அந்தத் தகடுகள் பல பத்தாண்டுகள் ஒரு தோழியின் வீட்டு நிலவறையில் கிடந்தன.

புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடான் மேற்கின் மனிதர்களை ஏன் வெள்ளைத் தாளின் முன் நிற்கவைத்தார்?

மேற்கைப் பிடுங்கிவிடுவதற்காக. மலை, வானம், புழுதி எல்லாம் ஆணுக்குத் துணை நடிகர்கள். அவற்றை அகற்றினால் மிஞ்சுவது சட்டையும் முகமும்தான். டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த்தில் உள்ள ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்துக்காக 1979 முதல் 1984வரை பெரிய 8×10 அங்குல ஃபிலிம் கேமராவோடு அலைந்தார், 1985இல் கண்காட்சி. கேமராவுக்குப் பின்னால் ஒளியாமல் பக்கத்தில் நின்று, எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்தபடி எடுத்தார். சுரங்கத் தொழிலாளிகள், எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்பவர்கள், நாடோடிகள், கௌபாய்கள். பாம்புத் தோலுரிக்கும் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் இருக்கிறான், கையில் குடல் தொங்கும் பாம்போடு. உள்ளூர்க்காரர்கள் பலருக்குக் கோபம்: எங்களைச் சோர்ந்துபோனவர்களாகக் காட்டிவிட்டார் நியூயார்க்காரர் என்று. கோபத்தில் பாதி சரி. எல்லோரையும் ஒரே வெள்ளையில் நிறுத்தினால் எல்லோருக்கும் ஒரே துயரம் வந்துவிடுகிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தவை பிரிட்டனின் ஜேன் ஹில்டன் எடுத்தவை. 2010இல் புத்தகமாக வந்தன. கௌபாய்களை அவரவர் வீட்டுக்குள், படுக்கையறையில், கூடத்தில் உட்காரவைத்து எடுத்தார். தொப்பியும் பூட்ஸும் அப்படியே. பக்கத்தில் பூப்போட்ட மெத்தைவிரிப்பு, குடும்பப் படங்கள், சுவரில் கொம்பு. வெளியே ஆகாயத்தை அளக்கிற ஆள், உள்ளே தன் கட்டிலின் ஓரத்தில் விருந்தாளி போலக் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறார். கேலி ஒரு பொட்டுக்கூட இல்லை. அந்த அறையைத் துடைத்து வைத்திருக்கும் விதத்திலேயே அவருடைய பிரியங்கள் தெரிகின்றன.

கறுப்பினக் கௌபாய்கள் உண்மையில் இருந்தார்களா, இல்லை இன்றைய அரசியலா?

அந்தப் பெரிய மாட்டோட்டக் காலத்தில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் மதிப்பீடு. அடிமைகளாக மாடு பார்த்தவர்கள் விடுதலைக்குப் பின் கூலிக்குப் பார்த்தார்கள். இல்லாமல் போனது ஆட்கள் அல்ல, படங்கள்; அதுவும் முழுதாக இல்லை, ஸ்மித்தின் தொகுப்பிலேயே அவர்கள் இருக்கிறார்கள்.

பில் பிக்கெட்டின் கதையைச் சொன்னால் போதும். 1870இல் பிறந்தவர். ஓடும் குதிரையிலிருந்து காளை மேல் தாவி, கொம்பைத் திருகி வீழ்த்தும் போட்டிக்கு அவர்தான் தந்தை. கறுப்பினத்தவருக்கு அனுமதியில்லாத அரங்குகளில் வேறு இனத்தவர் என்று சொல்லி நுழைய வேண்டியிருந்தது. அவருக்கு மரியாதை செய்ய அமெரிக்க அஞ்சல் துறை 1990களில் தபால்தலை அச்சிட்டது. அச்சான முகம் அவருடையது அன்று, தம்பி பென்னுடையது! பழைய புகைப்படம் ஒன்றில் பெயர் மாறியிருந்ததால் வந்த வினை. 1994இல் அச்சிட்டதைத் திரும்பப் பெற்று வேறு முகத்தோடு வெளியிட்டார்கள்.

இன்று ஐவன் மெக்லெலன் 2015இல் ஓக்லஹோமாவின் ஓக்மல்கி ரோடியோவுக்குப் போனதிலிருந்து இந்த அரங்குகளை எடுத்துவருகிறார். 1956 முதல் நடக்கும் கறுப்பின ரோடியோ அது. மிசிசிப்பி டெல்டாவில் ரோரி டாய்ல் 2017 முதல் குதிரைக்காரர்களோடு அலைகிறார். இவர்கள் படங்களில் தனியாள் குறைவு. குழந்தையைச் சேணத்தில் முன்னால் வைத்துக்கொண்ட அப்பா, குதிரையோடு பர்கர் கடை வாசலில் நிற்கும் நண்பர்கள், அத்தை, பாட்டி என்று கூட்டமாக இருக்கிறார்கள். 'தனித்து நிற்பவனே ஆண்' என்ற பழைய பாடம் இங்கே யாருக்கும் மனப்பாடம் இல்லை.

தன்பாலீர்ப்பாளர்களின் ரோடியோ என்று ஒன்று உண்டா?

உண்டு. 1976இல் நெவாடாவின் ரீனோ நகரில் ஃபில் ராக்ஸ்டேல் நன்கொடை திரட்டுவதற்காகத் தொடங்கினார். 1985இல் அமைப்பாயிற்று. ஆண் பெண் இருவருக்கும் எல்லாப் போட்டியும் திறந்திருக்கும், பெண்கள் எருதேறலாம். ஆட்டுக்கு ஜட்டி மாட்டிவிடும் போட்டி ஒன்றும் உண்டு. ஆட்டின் கருத்து என்னவோ.

பிளேக் லிட்டில் 1988 முதல் 1992வரை இதைப் படமெடுத்தார். எய்ட்ஸ் நோய், நண்பர்களை வரிசையாகக் கொண்டுபோன ஆண்டுகள் அவை. அவர் வெளியே நின்று எடுத்தவர் அல்ல, தாமே எருது சவாரியில் போட்டியிட்டவர். 2014இல் இண்டியானாபொலிஸின் ஐடெல்ஜார்க் அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. பார்த்தால் முதலில் தெரிவது வழக்கமான ரோடியோதான்: புழுதி, கட்டுப்போட்ட மணிக்கட்டு, வலியில் சுளித்த முகம். அப்புறம்தான் தோளில் சாய்ந்திருக்கும் இன்னொருவர் கண்ணில் படுகிறார். லூக் கில்ஃபோர்ட் அடுத்த தலைமுறை. அப்பா ரோடியோ வீரர், பிறகு நடுவர். அந்த உலகத்தில் தனக்கு இடமில்லை என்று ஒதுங்கிப்போனவர், இந்த ரோடியோவைக் கண்டபின் திரும்பி வந்தார். 2020இல் அவர் படங்கள் நூலாயின.

இதெல்லாம் உழைக்கிற மனிதர்களைக் கேலி செய்வதில் முடியாதா?

கேலி செய்யும் படங்களும் உண்டு. அவை சீக்கிரம் அலுத்துவிடும். நான் சொல்பவை அவர்கள் கொடுக்கும் விலையைப் பார்ப்பவை. 'கௌபாயாக இரு' என்றால் அங்கே வலியை விழுங்கிக்கொள் என்று பொருள். எருதின் மேல் 8 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும்; விழுந்தால் தலையில் அடி. 2017இல் கனடா வீரர் ஒருவர் 25 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். தொடர் அடிகளால் மூளை சிதைந்திருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. தொழில்முறை எருது சவாரிச் சங்கம், 1994 அக்டோபர் 15 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் தொப்பியையே வைத்துக்கொள்ளலாம்! மூத்த ஆண்களின் தொப்பியில் கைவைக்கச் சங்கத்துக்கே துணிவு வரவில்லை. மோன்டானாவும் வயோமிங்கும் அமெரிக்காவில் தற்கொலை விகிதம் மிக அதிகமான மாநிலங்களின் வரிசையில் ஆண்டுதோறும் முன்னால் நிற்கின்றன. இறப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

அதே மனிதர்கள்தாம் 1985 முதல் நெவாடாவின் எல்கோ ஊரில் ஒவ்வொரு குளிர்காலமும் கூடிக் கவிதை வாசிக்கிறார்கள். செத்துப்போன குதிரையைப் பற்றி எழுதிக்கொண்டு வந்து, மேடையில் பாதியில் நிறுத்தித் தொண்டையைச் செருமுவார்கள்.

புதிய படங்களும் நாளைக்கு விளம்பரம் ஆகிவிடாதா?

ஆகிக்கொண்டே இருக்கின்றன. கறுப்பினக் கௌபாயும் பளபளக்கும் ஜிகினாச் சட்டைக் கௌபாயும் இப்போது ஃபேஷன் பத்திரிகைகளுக்குச் செல்லப்பிள்ளைகள். ஒரு சுவரொட்டியைக் கிழித்துவிட்டு அதே பசையில் இன்னொன்றை ஒட்டுகிறார்கள். அழகான தாடை, மாலை வெயில், தூரத்துப் பார்வை. தோலின் நிறமும் காதலும் மாறியிருக்கின்றன, தோரணை மாறவில்லை. நான் வைத்திருக்கும் சோதனை எளிது: படத்தில் இருப்பவர் வேலை செய்து களைத்திருக்கிறாரா, யாரையாவது சார்ந்திருக்கிறாரா? இரண்டும் இல்லையென்றால் மார்ல்போரோதான்.

கறுப்பு வெள்ளையா, வண்ணமா?

வண்ணம். கறுப்பு வெள்ளையில் எந்தக் கௌபாயும் தாத்தா காலத்துக்குப் போய்விடுவார். அவர் கைபேசி வைத்திருக்கிறார், கடனும் வைத்திருக்கிறார்.

நானும் போய் எடுக்க விரும்புகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தொப்பிதான் முதல் தொல்லை. உச்சி வெயிலில் அதன் விளிம்பு முகத்தை இருட்டாக்கிவிடும். காலையிலும் மாலையிலும் எடுங்கள், அல்லது வெளிர்நிற மண்ணில் நிற்கச் சொல்லுங்கள். தரையே கண்ணுக்கு வெளிச்சம் கொடுக்கும். தொப்பியை ஏற்றிவிடச் சொல்லிக் கேட்கலாம், நீங்கள் தொடக்கூடாது. குதிரைக்குப் பின்னால் நிற்காதீர்கள், அருகில் ஃபிளாஷ் வேண்டாம்.

முதல் இரண்டு நாள் கேமராவை வெளியே எடுக்காமல் இருந்தால் நல்லது. முதல் நாள் எல்லோரும் ரூஸ்வெல்ட்டாக நிற்பார்கள். கைக்கு ஒரு வேலை கொடுக்கச் சொன்னால் கொடுப்பார்கள். கன்றைப் பிடித்துக்கொண்டு, வேலிக்கம்பியை இழுத்துக்கொண்டு, நாலு வார்த்தை பேசியபிறகு அவர்களே உங்களை மறந்துவிடுவார்கள். பண்ணைக்குள் போகும்போது திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுச் செல்லுங்கள். எடுத்த படத்தை அச்சிட்டு அவர் வீட்டுப் பெண்களிடம் கொடுங்கள், அடுத்த முறை சாப்பாடும் கிடைக்கும்.

பேச்சு வளர்க்கிறேன் என்று "மொத்தம் எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அங்கே அது, வங்கியில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்பதற்குச் சமம்.